முந்நூறு எம்பிபிஎஸ்

“டீச்சர், எந்தக் கம்பெனி நெட் லைன் போட்டா படம் தெளிவா வரும்?”

ஞானதுரை கேட்டார். அறுபத்தாறு வயது. காது கேளாதோர் பள்ளியில் பிள்ளைகள் போய்விட்ட வகுப்பறை அது.

தவமணி டீச்சருக்கும் காது கேட்காது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பதிலைக் கரும்பலகையில் எழுதுவார்.

‘யாருடைய படம்?’

“எம்மக பெர்சிஸ். உங்ககிட்ட படிச்சவ. இப்ப புனேல வேல பாக்கா.”

டீச்சர் தலையசைத்தார். நினைவிருந்தது.

“ஞாயித்துக்கெழம சாயந்தரம் வீடியோவுல வருவா. கையால பேசுவா. அவ அம்மா இருந்த வரைக்கும் எனக்கு எடுத்துச் சொல்லுவா. அம்மா போய் ஒம்பது மாசம் ஆச்சு. இப்ப மக கை வேகமா ஓடுது, எனக்குப் பிடிபட மாட்டேங்கு. நெட் வேகம் நாப்பது எம்பிபிஎஸ் இருந்துது. நூறாக்குனேன். முந்நூறாக்குனேன். இப்ப ஒருத்தன் ஆயிரம் தாரேங்கான். போடலாமா?”

‘எழுதி அனுப்பச் சொல்லலாமே?’

“மருந்து, மாத்திரை எல்லாம் எழுதித்தான் அனுப்புவா. இத மட்டும் எழுத முடியாதுங்கா.”

டீச்சர் தன் போனை எடுத்தார். சிக்னல் ஒரே ஒரு கோடு. தோழி ஒருத்தியை அழைத்தார். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. உறைந்தது. தோழியின் முகம் பாதி காணாமல் போனது.

இருவரும் கையால் பேசினார்கள். டீச்சர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஞானதுரை அந்த உடைந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு இப்படிக்கூட வாய்க்கலயே டீச்சர்.”

‘நீங்கள் கற்றுக்கொள்ளவில்லையா?’

“உப்பளத்துல வேல. விடியப் போனா பொழுது சாயத்தான் வருவேன். அவ அம்மா படிச்சுக்கிட்டா. வீட்டுக்கு ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்னு இருந்துட்டேன்.”

ஞானதுரை தன் போனை எடுத்து நீட்டினார்.

“கம்பெனியில புகார் குடுக்கணும்னு போன வாரம் அவ பேசுனதப் பதிவு பண்ணி வச்சிருக்கேன். எந்த எடத்துல சிக்குதுன்னு நீங்களே பாருங்க.”

டீச்சர் பார்த்தார். பெர்சிஸின் நெற்றியில் விழுந்த ஒற்றை முடிகூடத் தெரிந்தது. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

‘எங்கும் சிக்கவில்லை.’

“அப்ப என்ன சொல்லுதா?”

‘சொல்லவில்லை. கேட்கிறாள். ஒரே கேள்வி. நான்கு தடவை.’

“என்ன கேள்வி?”

டீச்சர் மறுபடி சாக்பீஸை எடுத்தார். எழுதினார்.

‘அம்மா கடைசியில் என்னைத் தேடினார்களா?’

ஞானதுரை பிள்ளைகளின் குட்டை பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சு வரை வந்தது.

“அவ வந்து சேரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுட்டு,” என்றார். “நாந்தான் பக்கத்துல இருந்தேன். பேச்சு நின்னுபோயிருந்துது. தேடல டீச்சர். தண்ணி மட்டும் கேட்டா.”

‘எப்படிக் கேட்டார்?’

ஞானதுரை இரண்டு விரலை மடக்கிக் கன்னத்தில் வைத்தார். இரண்டு முறை தட்டினார்.

“இப்படி. ஸ்பூன்ல ஊத்துனேன். வேண்டாம்னு தலைய ஆட்டுனா. மறுபடியும் இப்படியே காட்டுனா. மறுபடியும் ஊத்துனேன்.”

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். முன்பு எழுதியதை அழித்தார். பிறகு எழுதினார்.

‘அது தண்ணீர் இல்லை ஐயா. எங்களுக்குள் ஆளுக்கொரு பெயர் உண்டு. கையால் கூப்பிடும் பெயர். கன்னத்தில் குழி விழுகிறதே என்று ஒன்றாம் வகுப்பில் உங்கள் மகளுக்கு நாங்கள் வைத்தது அது.’

ஞானதுரை அதை வாசித்தார். எழுந்தார்.

“டீச்சர், அம்மான்னு எப்படிக் காட்டணும்?”

டீச்சர் காட்டினார். அவர் செய்து பார்த்தார். தப்பாக வந்தது. டீச்சர் அவர் விரல்களைப் பிடித்துத் திருத்தினார்.

அன்று புதன்கிழமை. ஞானதுரை மகளை வீடியோவில் அழைத்தார். புனேயில் பெர்சிஸ் அலுவலக மேசையிலிருந்து திடுக்கிட்டு எடுத்தாள். அவள் கைகள் படபடவென்று எதையோ கேட்டன.

டீச்சர் போனைப் பிடித்துக்கொண்டார்.

ஞானதுரை கையால் ‘அம்மா’ என்று காட்டினார். பிறகு இரண்டு விரலை மடக்கிக் கன்னத்துக்குக் கொண்டுபோனார்.