பூவனேரி வண்டல்

குன்றை நாட்டை ஒரு காலத்தில் வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு மனசு, சாப்பிட்டு எழுந்தால் வேறு மனசு. அவருடைய ஆணைகளை ஓலையில் எழுதும் வேலை அனந்தராயனுக்கு. எழுதுவது தாம், ராஜா கேட்பது மட்டும் அமைச்சர் கூத்தப்பெருமாளின் பேச்சை என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு வெகுநாளாக உண்டு.

அமைச்சர் வெளியூர் போயிருந்த ஒருநாள், சொக்கட்டானில் அனந்தராயன் வேண்டுமென்றே மூன்று ஆட்டம் தோற்றார். ராஜா குளிர்ந்துபோய், என்ன வேண்டுமானாலும் கேளும் என்றார். இவர் ஏரிக்கரை ஊரான பூவனேரியைக் கேட்டார். ராஜா அங்கேயே நீர் வார்த்துக் கொடுத்துவிட்டார்.

அமைச்சர் திரும்பியபோது, பூவனேரியிலிருந்து மாராயி என்ற பெண் அவர் வாசலில் காத்திருந்தாள். நிலம் இனித் தம்முடையது, வேறு ஆள் வைத்து உழுதுகொள்வேன், முப்பத்தேழு குடும்பமும் ஊரைக் காலி செய்யட்டும் என்று அனந்தராயன் சொல்லி அனுப்பியிருந்தாராம்.

மனசு எத்தனை மாறினாலும், நீர் வார்த்துக் கொடுத்த வாக்கை ராஜா திரும்ப வாங்கமாட்டார் என்பது அமைச்சருக்குத் தெரியும். போகும்போது என்னென்ன எடுத்துப்போவீர்கள் என்று கேட்டார். சட்டி பானை, ஏர், மாடு என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவர் அவளுடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மட்டும் முடி தேய்ந்திருந்தது. காரணம் கேட்டார்.

"கோடையில ஏரி வத்தினா வண்டலைச் சுமந்து வயல்ல கொட்டுவோமுங்க, ஐயா. எங்க மாமியார் வாழ வந்தப்ப அங்க கொள்ளுகூட முளைக்காதாம். வெறும் பாறை."

நாளை சபையில் பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறேன் என்று அமைச்சர் அவளை அனுப்பிவைத்தார்.

மறுநாள் சபையில் அவர் அனந்தராயனை எதிர்க்கவே இல்லை. குடிகள் தங்கள் பொருளை எடுத்துப்போகலாம்தானே என்று மட்டும் கேட்டார்.

"அவர்களுடைய தூசி துரும்புகூட எனக்கு வேண்டாம். வழித்து எடுத்துக்கொண்டு போகட்டும்" என்றார் அனந்தராயன். ராஜா சிரித்து அதையே ஆணையாக்கினார். அதை ஓலையில் எழுதியவரும் அனந்தராயனேதான். ஓலையின் நகல் அன்றே மாராயிக்குப் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எட்டாம் நாள் அனந்தராயன் மூச்சிரைக்கச் சபைக்கு வந்தார். குடிகள் வயலை வெட்டிக் கூடை கூடையாக ஏரிக்குள் கொட்டுகிறார்கள் என்று முறையிட்டார். ராஜாவுக்கு வேடிக்கை பார்க்க ஆசை வந்துவிட்டது. அமைச்சரையும் அழைத்துக்கொண்டு பல்லக்கில் கிளம்பினார்.

பூவனேரியில் மூன்று வயல் இருந்த இடத்தில் பாறை வெயிலில் பளபளத்தது. ராஜா காலால் தட்டிப் பார்த்து, என்ன இது என்று மாராயியைக் கேட்டார்.

"வழிச்சு எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க, மகாராஜா. இன்னும் பாதிகூட ஆகலை. அவரு நிலம் அடியில பத்திரமா இருக்குங்க."

அனந்தராயன் விடவில்லை. வண்டல் வந்தது ஏரியிலிருந்து, ஏரியை வெட்டியது மகாராஜாவின் பாட்டனார், ஆகவே மண்ணும் அரண்மனையுடையதே என்றார். ராஜா தலையாட்டினார். அமைச்சர் வாயெடுப்பதற்குள் மாராயி முன்னால் வந்தாள்.

"ஏரி உங்களதுதாங்க. அதனாலதானே ஒவ்வொரு அறுப்புலயும் உங்க பங்கை முதல்ல கொடுத்துட்டு மிச்சத்தை நாங்க எடுக்கறோம்? உங்க பங்கை யாருக்கு வேணும்னாலும் கொடுங்க. எங்க பங்கு உங்ககிட்ட எப்ப இருந்துச்சு, நீங்க கொடுக்க?"

ராஜாவின் முகம் சிவந்தது. அமைச்சர் மெதுவாகச் சொன்னார்: "தங்கள் வாக்கு பழுதாகவில்லை, மகாராஜா. தங்களுடையது மேல்வாரம், அரசுப் பங்கு. அதைக் கொடுத்தாயிற்று. குடிவாரம் உழுகிறவர்களுடையது."

ராஜா பாறையையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னிடம் இல்லாததைக் கொடுத்து வள்ளல் பேர் வாங்கப் பார்த்திருக்கிறேன்" என்றார் கடைசியில். அரசுப் பங்கு மட்டும் அனந்தராயனுக்கு. மண்ணும் உழவும் தலைமுறை தலைமுறையாகக் குடிகளுக்கு. அள்ளிய வண்டலை அரண்மனைச் சேவகர்கள் திரும்பப் போட வேண்டும் என்று தீர்த்தார். மாராயிக்கு என்ன பரிசு வேண்டும் என்றும் கேட்டார்.

"ஓலையில வெறும் குடிகள்னு எழுதாதீங்க, மகாராஜா. நாளைக்கு ஒருத்தர் வந்து எந்தக் குடின்னு கேப்பார். எங்க பேரை எழுதுங்க."

அனந்தராயன் எழுத்தாணியை எடுத்தார். அவருக்கு ஒரு பெயரும் தெரியாது. ஏரிக்கரையில் வரிசையாக நின்றவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. முதல் ஐந்து பேரிடம், "உன் பெயர் என்ன?" என்றார். ராஜா ஒருமுறை செருமினார். மீதி முப்பத்திரண்டு பேரிடமும் அவர், "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, பிழையில்லாமல் எழுதினார்.