முப்பத்திரண்டு அடி

“தரையை மாத்தப் போறாராம். தரையாலதான் நான் விழுந்தேன்னு நெனச்சிட்டிருக்காரு மனுசர்.”

அறைக்குள் உலகம்மை சொன்னது, ஜன்னலுக்கு வெளியே டேப்பைப் பிடித்துத் தரையை அளந்துகொண்டிருந்த அவள் கணவர் பூதலிங்கத்தின் காதில் விழுந்தது.

“பெறவு எதால விழுந்தியளாம்?” என்று கேட்டாள் வீட்டு வேலை செய்யும் பேச்சி. “நான் வந்து தள்ளிவிட்டனா?”

பூதலிங்கம் டேப்பைச் சுருட்டினார். கேட்டிலிருந்து வாசற்படி வரை முப்பத்திரண்டு அடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நாச்சியாரைப் பார்க்கப் போனார். தென்காசியில் சாரல் பிடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

நாச்சியார் ஒரு மகளிர் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். பாதியில் வேலையை விட்டுவிட்டார். காவி உடுத்துவதில்லை. ஞாயிறு காலையில் தன் வீட்டுக்கு யார் வந்தாலும் பேசுவார், பேசாமலும் இருப்பார். பூதலிங்கம் அவரைவிடப் பதினோரு வயது மூத்தவர். நான்கு வருடமாக அவரை அம்மா என்றுதான் அழைக்கிறார்.

பையிலிருந்து நான்கு கல் துண்டுகளை எடுத்து அவர் முன் வரிசையாக வைத்தார்.

“என்ன இது?”

“வீட்டு முன்னால, கார் ஏறுற தரையும் நடைபாதையும் பேத்துட்டுப் புதுசா போடணும்மா. எதைப் போடலாம்னு நீங்க சொல்லணும்.”

“நான் கொத்தனாரா?”

“கொத்தனார் மூணு பேரைக் கேட்டுட்டேன். மூணு பேரும் மூணு விதமாச் சொல்றாங்க.”

“என்ன சொல்றாங்க?”

பூதலிங்கத்துக்கு உற்சாகம் வந்தது. “பேவர் பிளாக் சதுர அடிக்கு எண்பது ரூபா. ஆனா அடியில மண்ணை நல்லா இடிக்கலைன்னா டயர் பட்ட இடம் பள்ளமாயிடும். கான்கிரீட் நூத்திப் பத்து. பத்து நாள் தண்ணி ஊத்தணும், அதுவரை வண்டி தெருவுலதான். கடப்பா கல்லு பார்க்க அழகு, கார் ஏறினா விரியும். கொத்தின கருங்கல்லு நூத்தி எழுபது. அது வழுக்கவே வழுக்காதுங்கறாங்க.”

“இப்ப என்ன இருக்கு?”

“டைல்ஸ். நான் ஆசைப்பட்டு எடுத்தது. கண்ணாடி மாதிரி இருக்கும். சாரல்ல பாசி பிடிச்சிடுது. போன ஐப்பசியில அவ ஓடி வந்தப்ப வழுக்கி, இடுப்பெலும்பு போயிடுச்சு. எலும்பு கூடிடுச்சு, நடக்கலாம்னு டாக்டர் சொல்லி ஆறு மாசமாச்சு. கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்கறா. தரையை மாத்திட்டா பயம் போயிடும்னு நெனைக்கிறேன்.”

“ஏன் ஓடி வந்தாங்க?”

“கேட்டைத் திறக்க.”

நாச்சியார் கல் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை வலுத்தது.

“வண்டி எங்கே நிக்குது?”

“தெருவுலதாம்மா. வேப்பமரத்தடியில.”

“உள்ளே கொண்டு வாங்க.”

“அங்கேயே நிக்கட்டும்.”

“கொண்டு வாங்க.”

பூதலிங்கம் குடையைப் பிடித்துக்கொண்டு போனார். காரைத் திருப்பிக் கேட்டுக்கு முன் நிறுத்தினார். கேட்டு சாத்தியிருந்தது. கை தானாக ஹாரனுக்குப் போனது. அழுத்தினார். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினார்.

கம்பிக் கேட்டு. உள்ளே நடப்பதெல்லாம் தெரிந்தது. நாச்சியார் வாசலிலிருந்து ஓடி வந்தார். குடை இல்லை, செருப்பு இல்லை. ஒரு கையால் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். பாதி வழியில் கால் சறுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து மறுபடி ஓடினார்.

“மெல்ல! மெல்லம்மா!” என்று பூதலிங்கம் கத்தினார். கண்ணாடி ஏற்றியிருந்தது.

நாச்சியார் தாழை நீக்கி, கேட்டை இழுத்து, முதுகு சுவரில் ஒட்டும்படி ஒதுங்கி நின்றார். கார் உள்ளே போயிற்று. அவர் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பூதலிங்கம் இன்ஜினை நிறுத்தினார். இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

“ஏம்மா ஓடினீங்க?”

“ரெண்டாவது ஹாரன் கேட்டதே.”

பூதலிங்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்டுக் கேட்டு கம்பியா, தகரமா?”

“தகரம்.”

“அப்ப உள்ள நடக்கிறது தெரியாது.”

“தெரியாது.”

“அன்னைக்கு எத்தனை தடவை அடிச்சீங்க?”

“மூணு.”

“எத்தனாவதுல விழுந்தாங்க?”

வைப்பர் முன் கண்ணாடியில் பாதியில் நின்றிருந்தது. பூதலிங்கம் அதைப் பார்த்தார்.

நாச்சியார் உள்ளே போய், கல் துண்டுகளைப் பையில் போட்டு எடுத்து வந்து கார் ஜன்னல் வழியாக நீட்டினார்.

“எதைப் போடறதுன்னு சொல்லவே இல்லையேம்மா.”

“ஓடினவங்களைக் கேளுங்க.”

வீட்டுக்கு வரும்போது மதியம் ஆகிவிட்டது. கேட்டு சாத்தியிருந்தது. உலகம்மை விழுந்ததிலிருந்து ஹாரன் கேட்டால் பேச்சிதான் ஓடி வந்து திறப்பாள். பூதலிங்கத்தின் கை ஹாரன் வரை போய்த் திரும்பியது. இறங்கினார். தகரக் கேட்டின் தாழ் உள்பக்கம் இருந்தது. மேலே கைவிட்டுத் துழாவ வேண்டியிருந்தது. இருபத்தாறு வருடத்தில் அந்தத் தாழ் இவ்வளவு இறுகியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. சட்டை முழுக்க நனைந்தது. காரை உள்ளே விட்டு, மறுபடி இறங்கிக் கேட்டைச் சாத்தினார். டைல்ஸில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார்.

உலகம்மை கட்டிலில் கால் நீட்டிச் சாய்ந்திருந்தாள்.

“பேச்சி அப்பவே போயிட்டாளே. யாரு தொறந்தா?”

“நான்தான்.”

அவள் அவருடைய நனைந்த சட்டையைப் பார்த்தாள். துண்டு கொடியில் கிடக்கிறது என்று சொல்லவில்லை.

அவர் நின்றுகொண்டே சொன்னார். “உலகு, அன்னைக்கு நான் மூணு தடவை ஹாரன் அடிச்சேன்.”

மின்விசிறி சுற்றியது. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“நாலு,” என்றாள்.

வெளியே ஓட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் டைல்ஸில் சொட்டிக்கொண்டிருந்தது.

பூதலிங்கம் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டார். பையைப் பிரித்தார். கல் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஈரத்தைத் தன் வேட்டியில் துடைத்து, அவள் உள்ளங்காலில் வைத்து, “எதுன்னு நீ சொல்லு,” என்றார்.