படத்திறப்புக்கு ஒரு முகம்

நாகரத்தினத்திடம் படம் வரையக் கற்க வந்து சேர்ந்தபோது பொன்னுத்தாயியைப் பார்த்து ஊர் சிரித்தது. சொல்லிக்கொடுப்பவளைவிடக் கற்றுக்கொள்பவளுக்கு வயது அதிகம். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தவள். பொன்னுத்தாயி நாகரத்தினத்தை அம்மா என்பாள். நாகரத்தினம் அவளை யக்கா என்பாள். இருவருக்கும் அதில் குழப்பம் எதுவும் இல்லை, ஊருக்குத்தான் இருந்தது.

நாகரத்தினம் இறந்தவர்களை வரைகிறவள். போட்டோ இருந்தால் அதைப் பார்த்து வரைவாள். இல்லாவிட்டால் பிள்ளைகளை எதிரே உட்கார வைப்பாள். ஒருவரிடமிருந்து மூக்கையும் இன்னொருவரிடமிருந்து காதையும் எடுத்து, அவர்கள் சொல்லச் சொல்ல, கரித்தூளால் முகத்தைக் கொண்டுவந்துவிடுவாள். படத்தின் கீழே நான்கு வரி இரங்கற்பாவும் அவளே எழுதுவாள். அந்தப் பக்கத்தில் கருமாதி அன்று படத்திறப்பு நடந்தால், திரைக்குப் பின்னால் இருப்பது அநேகமாக அவள் கைப் படம்தான்.

ஒருநாள் பொன்னுத்தாயி கேட்டாள்.

"அம்மா, செத்தவரு நமக்கு ஆகாதவரா இருந்தா எப்படி வரையிறது?"

"வந்தா பாத்துக்குவோம்."

வந்தது. அந்த ஆடி மாதமே வந்தது.

வாசலில் ஒருத்தி கைம்பெண் கோலத்தில் நின்றாள். கையைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு வயதுப் பெண் குழந்தை. உள்ளே வரவும் முடியாமல், திரும்பிப் போகவும் முடியாமல் நின்றாள்.

"அக்கா, நான் காளீஸ்வரி."

பேர் போதுமானதாக இருந்தது. நாகரத்தினத்தின் புருஷன் சேதுராமு, "பொம்பளைக்கு எதுக்குடி பாட்டும் படமும்" என்று அவளுடைய வர்ணக் கிண்ணங்களை எல்லாம் தெருவில் வீசிவிட்டுப் போய், பக்கத்து ஊர் ரைஸ் மில்லில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே கட்டிக்கொண்டவள் இவள்தான்.

"அவரு போயிட்டாருக்கா. திடீர்னு நெஞ்சுவலி."

நாகரத்தினம் கையிலிருந்த கரியைக் கீழே வைத்தாள்.

"நாளான்னைக்குக் கருமாதி. படத்திறப்பு வைக்கணும்னு மில்லுக்காரங்க சொல்றாங்க. போட்டோ பிடிச்சா ஆயுசு கொறையும்னு கடைசிவரைக்கும் நிக்கவே இல்ல மனுசன். போட்டோ இல்லாம வரையிறது நீங்க ஒருத்தர்தான்னாங்க. உங்க வாசப்படியை மிதிக்க எனக்கு அருகதை இல்ல. இந்தப் புள்ள அப்பா படம் எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருக்கு."

"இது பேரு என்ன?"

"பூமயில்."

"உள்ள வாங்க. ரெண்டு பேரும் சாப்பிட்டு இங்கேயே தங்கிக்கோங்க. நாளைக்குக் காலையில படத்தோட பஸ் ஏறலாம்."

பொன்னுத்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு போட்டாள்.

சாப்பிட்டதும் நாகரத்தினம் பலகையில் தாளைக் குத்திக்கொண்டு பூமயிலை எதிரே உட்கார வைத்தாள்.

"உங்கப்பா எப்படிச் சிரிப்பாரு?"

"வாயை மூடிக்கிட்டுச் சிரிப்பாரு. முன்னாடி ஒரு பல்லு இல்ல, அதான்."

நாகரத்தினத்தின் கை நின்றது. அவளுக்குத் தெரிந்த சேதுராமுக்கு எல்லாப் பல்லும் இருந்தது.

"அப்புறம்?"

"தோள்ல தூக்கிக்கிட்டு ஊருணிக்குப் போவாரு. நான் அவரு காதைப் பிடிச்சுக்குவேன். இடது பக்கம் இழுத்தா இடது பக்கம் போவாரு."

"காது பெருசா?"

"பெருசு. எனக்கும் அப்படித்தான், பாருங்க."

முடியை ஒதுக்கிக் காட்டியது குழந்தை. நாகரத்தினம் பார்த்தாள். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு வரைந்தாள். இருட்டுவதற்குள் நெற்றியும் மூக்கும் காதுகளும் வந்துவிட்டன. கண்ணும் வாயும் வரவில்லை. கை வைப்பதும் எடுப்பதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தவள், "காலையில பாக்கலாம். சட்டையை மட்டும் நீங்க முடிச்சு வையுங்க, யக்கா" என்று எழுந்துவிட்டாள்.

காலையில் நாகரத்தினம் குளிக்கப் போனபோது பொன்னுத்தாயி படத்தின் முன் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு முகம் மறந்துவிட்டது, பாவம், அதனால்தான் குழந்தையிடம் போய்க் கேட்கிறாள் என்று நினைத்தாள். தகரப் பெட்டியின் அடியில் கல்யாணப் போட்டோ ஒன்று கிடப்பது அவளுக்குத் தெரியும். மாமனார் அதட்டி நிற்க வைத்ததால் சேதுராமு எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கண்ணையும் வாயையும் போட்டு முடித்தாள். அச்சாக வந்துவிட்டது. தன் கையில் இவ்வளவு இருக்கிறதா என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

பூமயில் எழுந்து வந்து படத்தைப் பார்த்தது.

"இந்த மாமா யாரு?"

குழந்தை தாயின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டது.

"அவருதான்டி," என்றாள் காளீஸ்வரி. அவள் குரலிலும் உறுதி இல்லை.

ஈரத் தலையோடு வந்த நாகரத்தினம் வாசலிலேயே நின்றுவிட்டாள். இறுகிய உதடு. எதிரே நிற்பவளை ஒரு பொருட்டாக நினைக்காத கண். கிண்ணங்களை வீசிய அன்று இதே வாசலில் நின்ற முகம் அது.

"போட்டோவைப் பாத்துத்தாம்மா போட்டேன்," என்றாள் பொன்னுத்தாயி. "நெசமான முகம் பெட்டிக்குள்ள இருக்கும்போது எதுக்கு இந்தச் சின்னப் புள்ளைகிட்டக் கேட்டுக்கிட்டுன்னு..."

நாகரத்தினம் அவளைத் திட்டவில்லை. போட்டோவை வாங்கிப் பெட்டியில் வைத்தாள். ஒரு பழைய வேட்டித் துணியால் கண்ணையும் வாயையும் மெதுவாகத் துடைத்து எடுத்தாள். பிறகு குழந்தையைக் கூப்பிட்டு மடியிலேயே உட்கார வைத்துக்கொண்டாள்.

"நீ தூங்குறப்ப அப்பா எப்படிப் பாப்பாரு?"

"தூங்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

"தூங்குற மாதிரி நடிச்சிருப்பேல்ல?"

குழந்தை சிரித்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக் காட்டியது. நாகரத்தினம் வரைந்தாள். துடைத்தாள். மறுபடி வரைந்தாள். காலை பஸ் போய்விட்டது. மத்தியான பஸ்ஸும் போய்விட்டது. வேர்வை வழிந்து தாளில் விழாமல் பொன்னுத்தாயி விசிறிக்கொண்டே இருந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் பூமயில் திடீரென்று கையை நீட்டிப் படத்தின் காதைப் பிடித்தது.

"அப்பா!"

காளீஸ்வரி சுவரில் சாய்ந்து அழுதாள். அதுவரை அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

குழந்தையின் விரல் பட்ட இடத்தில் கரி லேசாகக் கலைந்திருந்தது. நாகரத்தினம் அதைச் சரிசெய்யவில்லை. கீழே நான்கு வரி எழுதினாள்.

தோளில் ஏற்றித் துறைக்கு நடந்தாய்;
தூங்கும் முகத்துக்குக் காவல் இருந்தாய்;
மூடிய வாயால் சிரித்த சிரிப்பை
வீடு முழுவதும் தேடுகின்றோம்.

காளீஸ்வரி கும்பிடக் குனிந்தாள். நாகரத்தினம் தடுத்து, படத்தைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தாள்.

"படத்தைத் திறக்கும்போது புள்ளையை முன்னாடி நிக்க வையுங்க."

கடைசி பஸ் போன புழுதி அடங்கும்வரை குருவும் சீடரும் தெருவில் நின்றார்கள். பொன்னுத்தாயிக்கு மனம் ஆறவில்லை.

"அந்தப் பாட்டுல உங்களுக்குன்னு ஒரு சொல்லு இல்லையேம்மா."

"அது அவங்க வீட்டுப் படம்க்கா."

"என்னை மன்னிச்சிருங்க. உங்களுக்கு அவரு முகம் மறந்துபோச்சுன்னு நெனச்சுட்டேன்."

நாகரத்தினம் கரி படிந்த விரல்களைப் பார்த்தாள்.

"மறக்கலக்கா. யாரை வரைய உக்காந்தாலும் என் கைக்கு முதல்ல வர்றது அந்த முகம்தான். இன்னைக்கு அதை வரவிடாமப் பிடிச்சு வைக்கத்தான் இத்தனை நேரம் ஆச்சு."