பன்னிரண்டாவது சுற்று

"ஆசானே, எங்கக்காவத் தோக்கடிக்கணும். பன்னெண்டு சுத்தும் ஓடணும். வழி சொல்லுங்க."

கேட்டவள் இசக்கியம்மாள். இன்னும் சரியாக விடியவில்லை. அதற்குள் மூன்று முறை ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிவிட்டாள்.

ஆசான் ஓட்டம் சொல்லித் தருகிறவர். அவளைவிட இரண்டு வயது இளையவர். குளக்கரை வேப்பமரத்தில் வெண்கல மணியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டுல எது வேணும்?"

"ரெண்டுந்தான்."

ஆசான் முடிச்சை இறுக்கினார்.

பந்தயம் பார்க்க எளிது. குளத்தைச் சுற்றி ஆறு கிலோமீட்டர். மணிக்கொரு முறை மணி அடிக்கும். அப்போது கோட்டில் நிற்பவர்கள் அடுத்த சுற்று ஓடலாம். நிற்காதவர்கள் வீட்டைப் பார்க்கப் போகலாம். கடைசியாக மிஞ்சும் ஒருவர் தனியாக இன்னும் ஒரே ஒரு சுற்று ஓட வேண்டும். அத்தோடு பந்தயம் முடிந்துவிடும்.

இதுவரை ஒன்பது சுற்றைத் தாண்டி யாரும் போனதில்லை. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஓடிப் பன்னிரண்டை முடிக்க வேண்டும் என்று இசக்கி நாலு வருஷமாக ஏங்குகிறாள்.

அந்த நாலு வருஷமும் ஜெயித்தவள் அவள் அக்கா செண்பகவல்லி. இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. தோற்றவள்தான் ஜெயித்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மீனை ஆய்ந்து கொடுக்க வேண்டும் என்று பேச்சு. இசக்கியின் கையில் செதில் வாடை போன பாடில்லை.

"அருவாமணையத் தீட்டி வச்சிட்டியாட்டி?" என்று கேட்டபடி அக்கா வந்து கோட்டில் நின்றாள். "இந்த வருசம் சாளை மீனு நெறைய வருமாம்."

"நீ தீட்டிக்கோக்கா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் குனிந்து நாலாவது முறையாக ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள்.

மணி அடித்தது.

இருபத்து மூன்று பேர் ஓடினார்கள். வெயில் ஏற ஏற ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஏழாவது சுற்றுக்குக் கோட்டில் நின்றது அக்காவும் தங்கையும் மட்டுந்தான்.

அதன்பிறகு இசக்கி குளத்தைப் பார்க்கவில்லை. பாதையையும் பார்க்கவில்லை. அக்காவின் காலையே பார்த்துக்கொண்டு ஓடினாள். இடது கால் லேசாக இழுக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? ஒரு நேரம் இழுப்பதுபோல இருந்தது. மறுநேரம் அக்கா ஜம்மென்று ஓடினாள். இசக்கிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

எட்டாவது சுற்று முடிந்ததும் ஆசானிடம் ஓடினாள்.

"அக்காவுக்கு இன்னும் எத்தன சுத்து இருக்கு?"

ஆசான் இசக்கியின் பையைத் திறந்தார். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரே ஒரு பாட்டில் மிச்சமிருந்தது. எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்தார்.

அக்கா ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள்.

இசக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆசானே, நீங்க யாரு பக்கம்?"

"ஒம்பக்கந்தான்."

மணி அடித்தது. கோபத்தில் ஓடியதில் ஒன்பதாவது சுற்று சீக்கிரமே முடிந்தது. கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தாள். அக்காவைக் காணவில்லை.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்கா வந்தாள். நொண்டிக்கொண்டே வந்தாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவள் ஷூவைக் கழற்றி வீசினாள்.

"கெண்டக்கால் பிடிச்சிட்டு. போதும்ட்டி. நீயே ஜெயிச்சுக்கோ."

நாலு வருஷமாகக் கேட்கத் துடித்த வார்த்தை. இப்போது காதில் விழுந்துவிட்டது. அது சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆசான் மணிக்கயிற்றைப் பிடித்தார்.

"நீ ஜெயிச்சிட்ட இசக்கி. தனியா ஒரு சுத்து ஓடிட்டு வா. முடிச்சிரலாம்."

"முடிச்சிரலாமா?"

"பத்தோட முடிஞ்சிரும்."

"எனக்கு இன்னும் தெம்பிருக்கு ஆசானே! பன்னெண்டும் ஓடுவேன்!"

"தெரியும்" என்றார் ஆசான். மரத்தடியைப் பார்த்தார்.

இசக்கியும் பார்த்தாள். நாலு வருஷமாகத் தெரிந்த சட்டந்தான்: அக்கா பதினொன்று வரை வந்தால்தான் இவளுக்குப் பன்னிரண்டு. தோற்கிற பக்கமிருந்தே அதைப் பார்த்துப் பழகியிருந்தாள். காலி எலுமிச்சைப் பாட்டில் அக்காவின் பக்கத்தில் கிடந்தது.

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

ஓடிப்போய் அக்காவின் காலடியில் மண்டியிட்டாள். கெண்டைக்காலைப் பிடித்து அழுத்தி நீவினாள். அக்கா "ஏ, வலிக்குதுட்டி!" என்று கத்தினாள். இசக்கி விடவில்லை. வீசிய ஷூவைப் பொறுக்கி வந்து காலில் மாட்டினாள். கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"கால அசைச்சுப் பாருக்கா. வலி விட்டிருக்கா?"

அக்கா அசைத்துப் பார்த்தாள். "கொஞ்சம் தேவல."

"அப்ப எந்திரி. கூடவே மெதுவா ஓடுதேன். எந்திரிக்கா!"

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னட்டி இது? என்னத் தோக்கடிக்கணும்னுதான வந்த?"

"ஆமா" என்றாள் இசக்கி, அக்காவின் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கியபடி. "பன்னெண்டுல."

ஆசான் மணியை அடித்தார்.