சபையில் சொன்ன பெயர்

தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் ஜெபசெல்வி என்றோர் ஆசிரியை இருந்தாள். பள்ளியில் விலங்கியல் நடத்துவாள். ஞாயிறுதோறும் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுவாள். இரண்டுக்கும் நடுவே சண்டை இருப்பதாக அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அவள் கணவன் கிறிஸ்துதாசுக்குக் காசநோய் வந்தது. மூன்றாம் மாதம் இருமல் நின்றதும், அவளுக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டான். நோய் திரும்பியபோது பழைய மருந்து எதுவும் கேட்கவில்லை. மாத்திரையைப் பாதியில் விட்டதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னபோது, ஜெபம் செய்ய வந்திருந்த போதகர் எமர்சனும் கட்டிலருகே நின்று கேட்டார்.

"வெளியே தெரிய வேண்டாம் செல்வி. அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறாங்க. நெஞ்சுச் சளின்னு சொல்லிக்கோ" என்றான் கிறிஸ்துதாஸ். அவன் கையைப் பிடித்து அவள் வாக்குக் கொடுத்தாள். நான்காம் நாள் அவன் இறந்தான்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் ஆகியும் அவளுக்கு அழுகை வரவில்லை. சோறு வடித்தாள். பாடம் நடத்தினாள். இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டியும் பேருந்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிறு மாலை தேவாலய மண்டபத்தில் வாலிபர் கூட்டம் நடந்தது. பரிணாமம் பொய் என்று வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் பேசினார். "குரங்குதான் மனுஷனாச்சுன்னா, மீதிக் குரங்கு ஏன் இன்னும் குரங்காவே இருக்கு?" கூட்டம் சிரித்தது. "கிருமி மாறும்னு சொல்றதும் கட்டுக்கதைதான். இருமல் நின்னா சுகம் கிடைச்சாச்சு. அப்புறம் மாத்திரை எதுக்கு?"

முன்வரிசையில் போதகர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஜெபசெல்வி எழுந்தாள். "இப்ப இருக்கிற குரங்கிலேருந்து மனுஷன் வரலைங்க. ரெண்டுக்கும் மூதாதை ஒண்ணு, அதிலேருந்து கிளை பிரிஞ்சது. கடவுள் படைச்சாருன்னு நானும் நம்புறேன். எந்த வழியில படைச்சாருன்னுதான் பாடத்துல படிக்கிறோம். கிருமி மாறுறதை நம்ம காலத்துலேயே பாக்கலாம். மருந்தைப் பாதியில விட்டா, தாக்குப்பிடிச்ச கிருமி மட்டும் மிஞ்சிப் பெருகும்."

"எந்தச் சீமையில நடந்துச்சு? ஆள் பேரைச் சொல்லுங்க" என்றார் பேச்சாளர். மறுபடி சிரிப்பு. போதகர் வாய் திறக்கவில்லை.

"இந்த ஊர்லதான். என் வீட்டுக்காரர் கிறிஸ்துதாஸ்" என்றாள். சொன்னபோதும் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள், இரண்டு வாரமாகக் காசநோய் மாத்திரையை நிறுத்தியிருந்த தச்சர் ஒருவர், கூட்டத்தில் அவள் சொன்னதைக் கேட்டு, சுகாதார நிலையத்துக்குத் திரும்பிப் போனார். அதே வாரம் கணவனின் அண்ணன் ஆசீர் மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம், காசநோய்க் குடும்பம் என்று பேச்சு வந்து, முறிந்தது.

"செத்தவனுக்குக் குடுத்த வாக்கு, செல்வி" என்றார் ஆசீர்.

"ஆமா அத்தான்" என்றாள்.

பிறகு போதகர் வந்தார். "நீங்க சொன்னதுல எனக்கும் சந்தேகமில்லை டீச்சர். இறையியல் கல்லூரியிலேயே படிச்சதுதான். ஆனா பேரைச் சொல்லாம இருந்திருக்கலாம்."

அவள் எழுந்துபோய் அவருக்குக் காப்பி போட்டாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வாக்கை வாங்கியவன் கிறிஸ்துதாஸ், முறித்தவள் ஜெபசெல்வி, பெயரை மறைத்திருக்கலாம் என்றவர் போதகர். அந்தச் சம்பந்தம் முறிந்த பழி யாரைச் சேரும்?

விடை: போதகரை. ஜெபசெல்வி பெயர் சொல்லாமல்தான் தொடங்கினாள், சிரித்தார்கள். "ஒரு நோயாளியின் கட்டிலருகே நின்று, டாக்டர் இதைச் சொன்னதை நானே கேட்டேன்" என்று அவர் எழுந்து சொல்லியிருந்தால், அந்தச் சபையில் யாரும் பெயர் கேட்டிருக்கமாட்டார்கள். அவள் வாக்கு முறித்ததும் உண்மைதான். அதை அவளே மறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு போதகர் பிரசங்கத்தில், கட்டிலருகே தான் கேட்டதையும் கூட்டத்தில் தான் பேசாமல் இருந்ததையும் சொன்னார். சம்பந்தம் திரும்பி வரவில்லை.