பாறைமேல் நின்றவர்

“யாசீனுக்கு மட்டும் தனியா ஏதாவது சொல்லிக் கொடுக்கறீங்களா மேடம்?” என்று கேட்டார் வைரவன்.

பொற்கொடி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை மேகமலையில் நான்கு நாள் முகாம் நடத்தி, மலைகளைப் படம் எடுக்கச் சொல்லித்தருபவர். வைரவனைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“சொன்னேன். அட்டை கடிச்சா உப்பு வைங்கன்னு.”

வைரவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் காரைக்குடியில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். முகாமுக்கு வருவது இது மூன்றாவது முறை. யாசீனோ கம்பத்தில் மருந்துக்கடைக்காரர், புதிதாக வந்தவர். கேமராவில் வார் அறுந்த இடத்தில் சணல் கயிறு கட்டியிருந்தார். அப்படிப்பட்ட ஆள் எடுத்த படத்தைப் பார்த்து முந்தின நாள் எல்லாரும் சோற்றில் கை வைக்க மறந்துபோனார்கள்.

வைரவனுக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது.

நாளைதான் கடைசி நாள். ஆளுக்கொரு பனோரமா எடுக்க வேண்டும். கேமராவை இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஒட்டி ஒரே நீளப் படமாக்குவார்கள். அவற்றில் ஒன்றே ஒன்று முகாம் கூடத்தின் சுவரில் அடுத்த ஆண்டுவரை தொங்கும். இந்தத் தடவை தன் படம்தான் என்று வைரவன் சம்பந்தி வீடுவரைக்கும் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

“நான் எங்க நின்னாலும் அங்கயே வர்றார் மேடம். எந்நேரமும் என்னையேதான் பாத்துக்கிட்டு இருக்கார்.”

“அப்படியா,” என்று பொற்கொடி டீயைக் குடித்தார்.

மறுநாள் காலை அவர் எல்லாரிடமும் ஒன்றே ஒன்று சொன்னார். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தாமல் மடமடவென்று எடுத்து முடித்துவிட வேண்டும்.

வைரவன் சிவப்பு ஜாக்கெட்டோடு போய் ஒரு பாறைமேல் இடம் பிடித்தார். ஸ்டாண்டை நிறுத்தி, மட்டம் பார்த்து, முதல் படத்தை எடுத்தார்.

கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவே யாசீன் வலப்பக்கமாக நடந்துகொண்டிருந்தார்.

எங்கே போகிறான்? நம்மைவிட நல்ல இடம் கண்டுபிடித்துவிட்டானா?

வைரவனின் கை நின்றது. யாசீன் குனிந்தார். வைரவன் எட்டிப் பார்த்தார். யாசீன் நடந்தார். வைரவன் கேமராவைத் திருப்பி அடுத்த படத்தை எடுத்தார். மறுபடி பார்த்தார். தூரத்தில் கொசு அளவுக்குத்தானே இருக்கிறான், படத்தில் என்ன தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அரை நிமிட வேலைக்குக் கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகும் யாசீன் கேமராவை மூடிப் பையில் வைக்கும்வரை அவர் பாறையைவிட்டு இறங்கவில்லை.

மத்தியானம் கூடத்தில் திரை கட்டினார்கள். வைரவனின் ஏழு படங்களும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்தன. மலை, ஏரி, தேயிலைச் சரிவு.

யாரோ சிரித்தார்கள்.

சரிவு முழுக்க யாசீன். ஓரிடத்தில் குனிந்துகொண்டு, ஓரிடத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டு, ஓரிடத்தில் காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டு. நிறுத்தி நிறுத்தி எடுத்த படத்துக்கு ஒன்றாக மொத்தம் ஏழு யாசீன்.

வைரவனின் முகம் சுண்டிப்போனது. “வேணும்னே குறுக்க வந்திருக்கார் மேடம். என் படத்தைக் கெடுக்கணும்னே. அவர் படத்தைப் போடுங்க. அதுல நான் எத்தனை எடத்துல இருக்கேன்னு பாப்போம்.”

 பொற்கொடி யாசீனின் படத்தைத் திறந்துவிட்டு, மவுஸை வைரவனின் கையில் கொடுத்தார்.

எல்லாரும் திரைக்குப் பக்கமாக நகர்ந்தார்கள். சுவருக்கு எந்தப் படம் என்று அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

வைரவன் இடது ஓரத்திலிருந்து பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினார். ஏரியைத் தாண்டினார். சரிவைத் தாண்டினார். வலது ஓரத்தில் அவருடைய பாறை வந்தது. யாசீன் எடுத்த அந்த நொடியில் வந்துபோன மூடுபனி அதைப் பாதிக்குமேல் மறைத்திருந்தது. சிவப்பாக ஒரு புள்ளிகூட இல்லை.

“நான் இங்கதான் நின்னேன்,” என்றார். “காலையில பூரா இங்கயேதான் நின்னேன்.”

பின்வரிசையிலிருந்து யாசீன் எழுந்து வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

“அப்படியா சார்? நான் கவனிக்கவே இல்லையே.”