இலுப்பை மரத்துத் தேனடை

மடத்துத் துறவியான சாமியம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது. அவரிடம் பாடம் கேட்ட அங்கமுத்துவுக்கு நாற்பத்தாறு. அந்த எட்டு ஆண்டுகளை இருவரும் பெரிதாக எண்ணியதில்லை.

அங்கமுத்து பத்தொன்பது ஆண்டு விசைத்தறிக் கொட்டகையில் இருந்தவர். முப்பத்தாறு தறிகள் ஓடும் இடம். கத்தினால்தான் பக்கத்து ஆளுக்குக் கேட்கும். நெஞ்சுச் சளி முற்றியதால் வேலையை விட்டு, மனைவி மயிலாத்தாளோடும் மகள் பூங்கோதையோடும் மலையடிவாரத்து மடத்துக்குப் பக்கத்தில் குடிவந்தார். தறிச் சத்தம் நின்றது. அவர் குரல் இறங்கவில்லை.

குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் கத்துவார். மயிலாத்தாள் தகரக் கதவை அறைந்து சாத்துவாள். ஏழு வயதுப் பூங்கோதை கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள்.

தை பதினொன்றாம் தேதி மலைத்தேனீக்கள் வந்தன. கிணற்றுக்குப் போகும் வழியில் நின்ற இலுப்பை மரத்தில், பதினெட்டு அடி உயரத்தில் அடை வைத்தன. வாசலிலிருந்து மரத்துக்கு முப்பத்திரண்டு காலடி.

ஒன்பதாம் நாள் பக்கத்துத் தோட்டத்து ஆடு செத்தது. யாரோ அடையின் மேல் கல்லெறிந்திருக்கிறார்கள். கட்டிப் போட்டிருந்த ஆட்டால் ஓட முடியவில்லை. அதன் ஒரு காதில் மட்டும் பதினேழு கொடுக்குகள் இருந்தன.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அது போகோணும்," என்றாள் மயிலாத்தாள். "இல்லீன்னா நானும் புள்ளையும் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவோம். நீங்க உங்க சாமியம்மாகிட்டப் பாடம் படிச்சுட்டு இருங்க."

அங்கமுத்து மடத்துக்குப் போனார்.

"சாமி, பந்தம் கட்டியாச்சுங்க. பொழுது சாஞ்சதும் எரிச்சரலாம்னு இருக்கறன். உத்தரவு வேணுங்க."

"எரிச்சா எல்லாம் செத்துருமா?"

"பாதி சாகுமுங்க."

"மீதி?"

அங்கமுத்து கையில் இருந்த பந்தத்தைப் பார்த்தார்.

"வாங்க, போய்ப் பாக்கலாம்," என்றார் சாமியம்மா.

வீட்டுக்கு வந்த சாமியம்மா முதலில் மரத்துப் பக்கமே போகவில்லை. மயிலாத்தாளிடம் பழஞ்சேலை ஒன்று கேட்டு வாங்கினார். அதைக் கிழித்து, தகரக் கதவு இடிக்கும் நிலைச்சட்டத்தில் ஐந்து சுற்றுச் சுற்றினார். கதவைத் திறந்து சாத்திப் பார்த்தார். சத்தமில்லை. பிறகுதான் மரத்தை நோக்கி நடந்தார். பூங்கோதை தானாகவே அவர் பின்னால் போய், அவர் உட்கார்ந்த இடத்தில் தானும் உட்கார்ந்தாள். தலைக்கு நேர் மேலே அடை.

"சாமீ! புள்ளையக் கூட்டிட்டு வாங்க!" என்று வாசலிலிருந்து அங்கமுத்து கத்தினார்.

அடையின் மேல் ஓர் அலை ஓடியது. ஆயிரக்கணக்கான இறக்கைகள் ஒன்றாக எழுந்து அடங்கின. பின் இரண்டாவது அலை. மூன்றாவது. நான்கு தேனீக்கள் பிரிந்து வந்து பூங்கோதையின் தலையைச் சுற்றின. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"கண்ணு," என்றார் அங்கமுத்து. வெறும் காற்றாகத்தான் குரல் வந்தது. "அசையாம இரு கண்ணு. அப்பா வாரேன்."

முப்பத்திரண்டு காலடியை அவர் ஐம்பதாக நடந்தார். மகள் பக்கத்தில் குந்தினார். அலை நின்றிருந்தது.

"இந்தக் குரல் போதும்," என்றார் சாமியம்மா. "அதுங்க இருக்கற வரைக்கும் இதுலயே பேசுங்க. இருட்டறதுக்கு முன்னாடி சாப்பிட்டு விளக்கை அணைச்சுருங்க. வெளிச்சத்துக்கு வரும்."

வெள்ளிக்கிழமை வந்தது. மயிலாத்தாள் மூட்டை கட்டவில்லை. "அடுத்த வெள்ளி பாக்கறன்," என்றாள்.

பயம் குறையவில்லை. கிணற்றுக்கு மூவரும் ஒன்றாகவே போனார்கள், பிள்ளையை நடுவில் விட்டு. தனித்தனி நேரத்தில் சாப்பிட்டவர்கள் ஐந்தரை மணிக்குச் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் பேசினால் மற்றவர் நெருங்கி வந்தால்தான் கேட்கும்.

"அப்பா, காலுல மஞ்சள் பூசிட்டு வருதுங்கப்பா," என்று தேனீக்களைக் காட்டிப் பூங்கோதை ஒருநாள் சொன்னாள். அதைக் கேட்க அவர் மண்டியிட வேண்டியிருந்தது.

"ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தன்னைக்குக்கூட நீங்க இப்படிப் பேசலீங்களே," என்றாள் மயிலாத்தாள். "காப்பி நல்லாருக்குன்னு நீங்க சொன்னது தெருமுனை வரைக்கும் கேட்டுது." மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கும்போதும் ஒரு கண் மரத்தின் மேல் இருந்தது.

நூற்றுமூன்றாம் நாள் காலையில் அடை வெறுமையாக இருந்தது.

மரத்தடியில் பூப் பொறுக்கிக்கொண்டிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு அங்கமுத்து மடத்துக்கு ஓடினார். "சாமீ! போயிருச்சுங்க! ஒண்ணுகூட இல்லீங்க!"

பூங்கோதையின் கையில் இருந்த இலுப்பைப் பூக்கள் கீழே விழுந்தன.

சாமியம்மா குனிந்து பொறுக்கினார். ஏழு பூக்கள்.

"நூத்திரெண்டு நாள் சாமி!" அங்கமுத்து மகளை இறக்கிவிட்டார். "இனி ஒரு பயமும் இல்லீங்க!"

பூங்கோதை சாமியம்மாவின் காதருகே போனாள்.

"அதுங்க மறுபடி எப்பங்க வரும்?"

அது அங்கமுத்துவுக்குக் கேட்டது. இந்த மூன்று மாதத்தில் அவருக்கு மெல்லிய பேச்சும் கேட்கப் பழகியிருந்தது.

சாமியம்மா ஏழு பூக்களையும் அவள் கையில் வைத்து மூடினார்.

"அப்பாவைக் கேளு, கண்ணு."

பூங்கோதை அப்பாவைப் பார்த்தாள். ஓரடி பின்னால் நகர்ந்தாள். அங்கமுத்து அவள் எதிரே மண்டியிட்டார். மரத்தடியில் பேசிய அதே குரலில், "கிட்ட வா, கண்ணு," என்றார்.